மான் காணியில் மருந்து அடிக்காத கோடை

வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் ஐந்து பேரும் சேர்ந்து எனக்கு ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். கோட்டை மான்களுக்காக விதைக்கும் காணியில் இந்தக் கோடையும் புல் ஏறிவிட்டதாம். எந்த மருந்து அடிக்கலாம் என்று கேட்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் 'புல்' என்ற சொல் ஒன்பது இடங்களில் இருக்கிறது. 'மருந்து' ஏழு இடங்களில். 'மான்' ஒரே ஒரு இடத்தில், அதுவும் காணியின் பெயரில். அதனால்தான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன். பொறுமை இல்லாதவர்கள் நேரே கடைசிப் பந்திக்குப் போகலாம். அங்கேயும் மருந்தின் பெயர் இல்லை.

உங்களில் மூன்று பேர் வெளி மாவட்டம். ஆகவே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். திருகோணமலையில் மான் காட்டில் இல்லை, வீதியில் நிற்கிறது. கோட்டைக்குள் படுக்கும், கடற்கரைக்கு வரும், மீன்கடை வாசலில் மாட்டோடு மாடாக நிற்கும். மாரியில் பிரச்சினை இல்லை, எங்கும் பச்சை. சித்திரை மழையும் போய்க் கச்சான் என்னும் வறண்ட மேல்காற்று தொடங்கிவிட்டால் நிலம் ஓடுபோல் வெடிக்கும். பிறகு ஐப்பசி வரைக்கும் இந்தப் பட்டணத்தில் மானுக்குப் பச்சையாக எஞ்சுவது பஸ் நிலையத்துக் குப்பைத்தொட்டியில் உள்ள கறிவேப்பிலைதான். அதைச் சுற்றி ஒரு லன்ச் சீற் இருக்கும். சோற்றுப் பார்சல் கட்டும் அந்த மெல்லிய பொலித்தீனில் குழம்பு ஒட்டியிருக்கும், உப்பு ஒட்டியிருக்கும். மான் அதையும் சேர்த்து விழுங்கும்.

அப்படி விழுங்கிய பெண்மான் ஒன்று எங்கள் விவசாய அலுவலகத்து மதிலோரம் விழுந்து செத்தது. வயிற்றில் குட்டி இருந்தது. மிருக வைத்தியர் இரைப்பையைத் திறந்து உருண்டையாகக் கிடந்ததை வெளியே எடுத்து வைத்தார். நான் குந்தியிருந்து பிரித்து எண்ணினேன். அந்த எண்ணை உரிய இடத்தில் சொல்கிறேன். அதற்குப் பிறகுதான் கோட்டை வீதிக்குக் கீழே சும்மா கிடந்த மூன்று ஏக்கர் காணியில், சித்திரை மழையோடு கௌபிப் பயறு விதைத்து, கோடை முழுக்கப் பவுசர் வண்டியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றி மானுக்கு விடுவது என்று முடிவானது. மான்களைக் குப்பைத்தொட்டியிலிருந்து பிரித்து வைப்பது மட்டும்தான் அந்தக் காணியின் வேலை. அழகு அதன் வேலை அல்ல.

இதை மறந்ததால்தான் புல் வந்தது. இரண்டாம் வருடம் யாரோ பெரியவர் பார்க்க வருகிறார் என்று, நல்ல விளைச்சலில் இருந்த காணியின் ஓரங்களையும் நடைபாதையையும் அலுவலகத்தார் மெசின் விட்டுப் பிரட்டினார்கள். துப்புரவாகத்தான் இருந்தது. பெரியவர் காரிலிருந்து இறங்கவேயில்லை. ஆனால் மண்ணுக்குள் எத்தனையோ வருடமாகத் தூங்கிக் கிடந்த புல்விதை எல்லாம் மேலே வந்து வெயிலைக் கண்டது. அடுத்த சித்திரையில் கௌபி முளைக்கும் முன்னரே, ஆளுயரம் ஏறும் கினிப்புல் முளைத்தது. யாருக்கும் காட்டுவதற்காக மண்ணைப் பிரட்டாதீர்கள். பார்க்க வருபவர் போய்விடுவார், புல் போகாது.

நான் மருந்துக்கு எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். மூதூர்ப் பக்கத்து வயல்களில் என் முதுகில் எத்தனை மருந்து டாங்கி ஏறியது என்று எனக்குத் தெரியும். அங்கே எனக்கு மேலதிகாரியாக ஒரு அம்மையார் இருந்தார். கோபக்காரி. மருந்துக்கு அனுமதி கேட்டுப் போனால் பெயரைக் கேட்கமாட்டார், அளவைக் கேட்கமாட்டார். "கொல்லுறது பெரிய காரியமில்லை, அது ஆருக்கும் ஏலும். செத்த இடத்தில பிறகு என்ன வரும்? அதைச் சொல்லும், கையெழுத்து வைக்கிறன்" என்பார். பலமுறை நான் கையெழுத்து இல்லாமல் திரும்பியிருக்கிறேன். அவரிடம் படித்தது அந்த ஒரு கேள்வி மட்டும். அது போதுமாயிருந்தது.

இனி அந்தக் கோடைக்கு வருகிறேன்.

புல் ஏறிய செய்தி பரவியதும் இன்னொரு கதையும் கிளம்பியது. "அந்தக் காணி வீணாய்த்தானே கிடக்குது, கோட்டைக்கு வாற சுற்றுலா வாகனங்களுக்குத் தரிப்பிடம் ஆக்கினால் என்ன?" காணியைப் பார்த்து முடிவு சொல்ல ஏழு பேர் கொண்ட குழு ஒன்று வருவதாக இருந்தது. விதைத்த காணி என்று கண்டால் விடுவார்கள். புற்காடு என்று கண்டால் தார் போடுவார்கள். மானுக்கு மிஞ்சுவது பஸ் நிலையம்.

குழு வருவதற்கு முந்திய கிழமை எங்கள் பணிப்பாளர் வந்தார். கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர். கச்சான் அவருடைய கழுத்துப்பட்டியைத் தோளுக்குப் பின்னால் தூக்கி எறிந்துகொண்டிருந்தது.

"இதென்ன ஐசே, காடு?"

"காடில்லை சேர். கினிப்புல் இருநூற்றுப் பதினேழு பற்றை. கௌபி கீழே உயிரோடதான் நிக்குது."

"எண்ணினீங்களோ?"

"ஓம் சேர்."

"உங்களுக்கு வேற வேலை இல்லையோ?"

"இதுதான் சேர் என்ர வேலை."

அவர் சிரிக்கவில்லை. "எல்லாத்தையும் எரிக்கிற மருந்தை அடியுங்கோ. காய்ஞ்ச பிறகு மெசினால பிரட்டி விடுவம். மண் துப்புரவாத் தெரியும். புது விதைப்புக்கு ஆயத்தம் எண்டு குழுவுக்குச் சொல்லுவம்."

"சேர், உங்கட கழுத்துப்பட்டியைப் பாருங்கோ. இந்தக் காத்தில இஞ்ச அடிக்கிற மருந்து வேலிக்கு அங்கால கத்தரித் தோட்டத்தில போய் விழும். அங்க கிணறும் இருக்கு."

"காத்து விழுந்த நேரம் அடியுங்கோ."

"காத்து விழுறது விடியப்புறம். அந்த நேரம் மான் காணிக்குள்ள நிண்டு தின்னுது."

"கலைச்சுவிடுங்கோ."

"கலைச்சால் எங்க போகும்? பஸ் நிலையத்துக்குத்தானே. பின்னேரம் திரும்பி வந்து மருந்து பட்டதைத் தின்னும். மருந்து அடிச்சிருக்கு, தொடாதே எண்டு மாட்டுக்காரனுக்குச் சொல்லலாம். மானுக்குச் சொல்ல ஏலாது."

"அப்ப வேலியை உயர்த்துங்கோ!"

"உயர்த்தினாலும் சேர், புல் வாடிப்போய் நிக்குது. வாடின புல் மருந்தைக் குடியாது. இலை கருகும், அடிக்கட்டை இருக்கும். முழுசாச் சாகப்போறது கௌபி மட்டும்தான். பிறகு பிரட்டினால் அந்த மண்ணில என்ன வரும் எண்டு நினைக்கிறீங்கள்? புல்தான் வரும். கௌபி விதைக்க மழை இல்லை."

பணிப்பாளர் காரின் கதவைத் திறந்தார். "இது என்ர உத்தரவு."

"எழுத்தில தாங்கோ சேர், செய்யிறன். காத்து, கிணறு, மான், எல்லாம் தெரிஞ்சுதான் சொல்லுறன் எண்டும் ஒரு வரி போடுங்கோ."

கார் போய்விட்டது. மருந்து வைத்திருந்த களஞ்சிய அறையின் பூட்டுத் திறப்பு என் சட்டைப்பையில் இருந்தது. அலுவலகம் முடியும் வரைக்கும் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். வீரமாக இருந்தேன் என்று எழுத ஆசைதான். கார்ச் சத்தம் கேட்டபோதெல்லாம் எழும்பி யன்னலால் எட்டிப் பார்த்தேன். ஆனாலும் திறப்பை யாரிடமும் கொடுக்கவில்லை.

எங்களோடு நலீபா என்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர் வேலை செய்தார். கிண்ணியாப் பிள்ளை, வாய்த்துடுக்கு. நடந்ததை எல்லாம் பவுசரின் நிழலில் நின்று கேட்டிருந்தார்.

"சேர், வேண்டாம் எண்டு நல்லாச் சொன்னீங்க. கைதட்ட நினைச்சன். வேணும் எண்டுற சாமான் என்ன? அதச் சொல்லலியே?"

எனக்குக் கோபம் வந்தது. சரியான கேள்வி கேட்பவர்கள் மீது எனக்கு எப்போதும் முதலில் கோபம்தான் வரும். ஆனால் அவர் சொன்னது உண்மை. மறுப்பது பாதி வேலை. அதோடு நின்றுவிட்டால் புல்லும் நிற்கும், குழுவும் வரும், தாரும் வரும்.

"வெட்டத்தான் வேணும். கௌபிக்கு வெயில் படுற மாதிரி, புல் பூக்க முதல். எங்களிட்ட இருக்கிறது நாலு பேர். மூண்டு ஏக்கர். கணக்குச் சரிவராது."

"வெட்டின புல்லை என்ன செய்வீங்க?"

"ஏற்றி வெளியில கொட்டத்தான் வேணும்."

"கொட்டுறதா? எங்கட ஊரில மாட்டுக்குப் பச்சை இல்லாம வைக்கோலையும் மெண்டு முடிச்சிட்டு நிக்குதுகள். என்ட மாமாக்கு ஒரு வார்த்தை சொன்னா லான்ட்மாஸ்டர் வண்டியோட வந்து நிற்பாரு."

மாமா ரசீத் காக்கா (கிண்ணியாவில் காக்கா என்றால் அண்ணன்) மறுநாளே வந்தார், அரிவாளோடு ஆறு ஆட்கள். அரை மணித்தியாலத்தில் ஒரு மூலை மொட்டையானது. நான் கையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். புல்லோடு கௌபியும் கட்டுக்கட்டாக வண்டியில் ஏறிக்கொண்டிருந்தது.

"என்ன காக்கா இது! கௌபியும் போகுது!"

ரசீத் காக்கா நிமிர்ந்தார். குள்ளமான, அகன்ற மனிதர். "சேர், மாட்டுக்குக் கௌபி எண்டா மஸ்கெட் அல்வா மாதிரி. புல்ல மட்டும் வெட்டு எண்டா என்ட கை கேக்கும். மாடு கேக்குமா?"

"மாமா, அது மானுட சாப்பாடு" என்றார் நலீபா.

"எங்கட மாட்டுக்கு எந்தக் கவர்மென்ட் கந்தோரும் கௌபி விதைக்கலியே புள்ள!"

"உங்கட மாட்டயும் கோட்டை வாசலில கொண்டுபோய்க் கட்டுங்க. வெள்ளக்காரன் படம் எடுப்பான். பிறகு அதுக்கும் விதைப்பாங்க."

ஆறு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, நான் போன செடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அவர்கள் மேலும் பிழையில்லை. மாட்டுக்காரனிடம் கௌபியையும் புல்லையும் காட்டி, நல்லதை விட்டுக் கெட்டதை எடு என்றால் எப்படி எடுப்பான்? அவனுடைய கண் பழகியது நல்லதை எடுக்க. ஆளைத் திட்டி அந்தக் கண்ணை மாற்றமுடியாது. அதற்கு ஓர் அளவு வேண்டும், கையில் பிடிக்காமலே கூட வரும் அளவு.

ரசீத் காக்காவின் இடுப்புச் சாரம் மடித்துக் கட்டியிருந்தது. அதன் கரை முழங்காலில் நின்றது. கௌபியின் நுனி அந்தக் கரைக்கு ஒரு விரல் கீழே.

"காக்கா, அசையாம நில்லுங்கோ. இந்தச் சாரத்துக் கரைக்கு மேலே உள்ளது உங்கட மாட்டுக்கு. கரைக்குக் கீழே உள்ளது என்ர மானுக்கு. சரியோ?"

அவர் குனிந்து சாரத்தைப் பார்த்தார், கௌபியைப் பார்த்தார். "அல்லாஹ்வே, என்ட சாரத்தால காணி பிரிக்கிறாங்க!" பிறகு தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்துச் சத்தம் போட்டார். "கேட்டீங்களா? கரைக்குக் கீழ அரிவாள் போனா நாளைக்கு வண்டியில இடமில்ல!"

அவர்களில் உயரமான ஒருவர் தன்னுடைய சாரத்தை அளவாக வைத்துக் கூடுதல் புல்லை வெட்டாமல் விட்டார். இன்னொருவர் நீள்காற்சட்டை. ஆகவே ரசீத் காக்காவின் சாரம் மட்டுமே அளவு என்று தீர்மானித்தோம். அவர் வரிசை வரிசையாக முன்னால் நடப்பார், மற்றவர்கள் அவருடைய கரையைப் பார்த்து வெட்டுவார்கள். பூத்துவிட்ட பற்றைகளை மட்டும் வேரோடு கிளப்பி, கதிர் உதிராமல் சாக்கில் கட்டினோம். எப்படிக் கிளப்புவது என்பதெல்லாம் உங்கள் புத்தகத்தில் இருக்கிறது.

புத்தகத்தில் இல்லாதது அதற்குப் பிறகு நடந்தது. வெட்டிய புல் துளிர்த்தது. பார்த்ததும் என் மனம் விட்டுப்போனது. பொழுது சாயும் நேரம் பவுசரின் படியில் குந்தியிருந்து மான்கள் வருவதைப் பார்த்தேன். அறுபத்துமூன்று. பெரிய கொம்பன் ஒன்றைத் தெரிவு செய்து, அது வாய் வைக்கும் ஒவ்வொரு கடியையும் நூறு வரை எண்ணினேன். பாதிக்கு மேற்பட்டவை கௌபியில் இல்லை. வெட்டிய புல்லின் இளந்துளிரில். முற்றிய கினிப்புல்லை முகர்ந்துகூடப் பார்க்காத மான், அதே புல்லின் துளிரை ஆளுயரம் ஏறவிடாமல் தானே கடித்துக் கட்டுப்படுத்திக்கொண்டிருந்தது.

தலைமையகத்திலிருந்து எங்களுக்கு வந்த வழிகாட்டியில் மான் தீவனக் காணியில் புல் ஒன்றுகூட இருக்கக்கூடாது என்று போட்டிருந்தது. உங்களுக்கும் அதைத்தான் தந்திருப்பார்கள். எந்த நாட்டு மானைப் பார்த்து எழுதினார்களோ, எனக்குத் தெரியாது. நம்முடைய புள்ளிமான் புல் தின்னும். நமக்கு எதிரி புல் அல்ல. கௌபிக்கு மேலே ஏறி வெயிலை மறைக்கும் உயரம் எதிரி. உதிரும் கதிர் எதிரி. இதை எழுதி மேலே அனுப்பினேன். "வழிகாட்டியைப் பின்பற்றவும்" என்று பதில் வந்தது. நான் மானைப் பின்பற்றினேன்.

குழு உச்சி வெயிலில் வந்தது. காணி துப்புரவாக இல்லை. முழங்காலுயரத்தில் சமமில்லாமல் வெட்டுப்பட்ட புல், இடையிடையே கௌபி, ஓரத்தில் வேர் மேலாகக் காய்ந்துகொண்டிருந்த பற்றைகள். ஏழு பேரில் ஒருவரான பொறியியலாளர் ஏற்கனவே அளவுநாடாவை விரித்துவிட்டார். பணிப்பாளர் என் பக்கம் திரும்பவேயில்லை.

"இதுதானா காணி?" என்றார் குழுத் தலைவர். "மான் எங்கே?"

"ஐயா, நீங்களே குடைக்குக் கீழேதான் நிக்கிறீங்கள். மானும் நிழலில படுத்திருக்கு. பொழுதுபட நிண்டால் காட்டுறன்."

"எங்களுக்கு வேறு இடங்களுக்கும் போகவேண்டியிருக்கிறது."

இந்த இடத்தைக் கவனியுங்கள். வாதாட வேண்டும் போல நாக்கு துடிக்கும். வழிகாட்டி, கச்சான், துளிர் எல்லாவற்றையும் சொல்லத் தோன்றும். யாரும் வெயிலில் நின்று கேட்கமாட்டார்கள். நான் பழைய சைக்கிள் றிம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தேன். அதைப் பொறியியலாளரின் கையில் கொடுத்தேன்.

"ஐயா, கண்ணை மூடிக்கொண்டு விரும்பின பக்கம் எறியுங்கோ. விழுந்த வளையத்துக்குள்ள எத்தனை மான் புழுக்கை கிடக்குது எண்டு எண்ணிச் சொல்லுங்கோ. உங்கட அளவை நான் நம்புறன்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்கமாட்டேன். ஆனால் அளப்பவன் கையில் எண்ணும் வேலையைக் கொடுத்தால் விடமாட்டான், எனக்கு அந்த நோய் தெரியும். எறிந்தார். குந்தினார். எண்ணினார். இன்னொரு பக்கம் எறிந்தார். வளையம் வெறுமையாக விழவேயில்லை. ஐந்தாவது தடவை தலைவரே குடையை மற்றவரிடம் கொடுத்துவிட்டுக் குனிந்தார்.

"இவ்வளவு நிக்குதா இங்கே?"

"ஓம் ஐயா. இதே வளையத்தை எங்கட கந்தோர் வாசலில உள்ள வடிவான புற்றரையில எறிஞ்சு பாருங்கோ. அங்க மருந்து அடிச்சு, மெசின் போட்டு, துப்புரவா வைச்சிருக்கிறம். ஒண்டும் இராது."

பணிப்பாளர் இருமினார்.

"எல்லாம் சரி" என்றார் தலைவர். "வாகனங்களை எங்கே நிறுத்துவது? சனம் எங்களைத்தானே கேட்கும்?"

அப்போது அந்த எண்ணைச் சொன்னேன். "ஐயா, எங்கட மதிலோரம் செத்த பெண்மானின்ர வயித்தில இருந்து லன்ச் சீற் எடுத்தனாங்கள். நான்தான் எண்ணினனான். நாற்பத்தொண்டு. குட்டி அதுக்குப் பக்கத்தில கிடந்தது. வாகனம் லன்ச் சீற் தின்னாது. அது எங்க விட்டாலும் நிக்கும்."

பொறியியலாளர் நாடாவைச் சுருட்டினார்.

காணி தப்பியது. "வேறு தீர்மானம் எடுக்கப்படும் வரை" என்று ஒரு வால் ஒட்டித்தான் தப்பியது. எனக்கு அடுத்த மாதமே நாட்டின் உட்பகுதி விதைப்பண்ணை ஒன்றுக்கு இடமாற்றம் வந்தது. நிர்வாகத் தேவை என்று காரணம் போட்டிருந்தார்கள். போனேன். அங்கேயும் புல் இருந்தது. ஓய்வு பெறும் வரைக்கும் அங்கேதான் இருந்தேன், ஒரு நாளும் வருந்தவில்லை.

இப்போது உங்கள் கோடை. அந்த வால் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, இந்த வருடமும் குழு வருகிறதாம் என்று கேள்விப்பட்டேன். புல்லை மட்டும் கொல்லும் மருந்துகள் உண்டு, நல்லவை. புல் இளசாக, மண் ஈரமாக, காற்று விழுந்து, மான் வேறெங்கோ நிற்கும் ஒரு நேரம் கிடைத்தால் தாராளமாக அடியுங்கள். அந்த நான்கும் ஒன்றாகக் கூடிய ஒரு கோடையை நான் அந்தக் காணியில் கண்டதில்லை. ஆகவே திறப்பை உங்கள் பையில் வையுங்கள். ரசீத் காக்காவைக் கூப்பிடுங்கள். நலீபாவிடம் தொலைபேசி இலக்கம் இருக்கிறது. காக்காவுக்கு நடக்க இன்னும் ஏலும், சாரமும் அதே உயரத்தில்தான் நிற்கிறது. எல்லாவற்றையும் எரி என்று யாராவது காரில் வந்து சொன்னால், மரியாதையாக எழுத்தில் கேளுங்கள். நான் கேட்டது இன்னும் வந்துசேரவில்லை. உங்களுக்கு வந்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்பிவையுங்கள்.